வரிசையில் ஒரு செங்கல்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று காலையிலிருந்து மதியம் வரை நாற்பத்திரண்டு குப்பைக் குவியல்கள் வைத்தேன். பன்றி பதினெட்டு. செத்த நாய் இரண்டு. இதற்குத்தான் பி.இ. படித்தேன்.

எங்காவது கொட்டினால்தான் ஆத்திரம் அடங்கும் போலிருக்கிறது. அதற்கு இந்த டைரி. புத்தாண்டுக்கு ஆபீசில் கொடுத்தது, ஜனவரி முழுக்கக் காலியாகக் கிடந்தது.

எங்கள் கம்பெனி வெளிநாட்டுக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்துகொடுக்கிறது. படை திரட்டி, ஊரைப் பிடித்து, கோட்டை கட்டும் வியூக விளையாட்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரைபடம். வெறும் தரையாக இருக்கும் அந்த வரைபடத்தில் மரம், பாறை, வீடு, கிணறு, ஆடு, ஆள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, இடம் பார்த்து வைப்பது என் வேலை. நாள் முழுக்கப் பொம்மைக் கொலு வைப்பதற்குச் சம்பளம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது ஏழாம் கட்டம். ஆற்றங்கரையில் ஒரு குடிசைப் பகுதி. விளையாடுகிறவன் அதை இடித்துத் தள்ளிவிட்டுக் கோட்டை கட்ட வேண்டும். அங்கே இருப்பவர்களில் ஒருவர்கூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் வெற்றி வராது. டீம் லீடர் முரளிதர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று விளக்கினார்.

"ராணி, அந்த இடத்தைப் பார்த்தாலே அருவருப்பா இருக்கணும். மூக்கைப் பொத்திக்கணும்னு தோணணும். அப்பதான் இடிக்கிறவன் யோசிக்க மாட்டான். புரியுதா?"

"புரியுது சார்."

"நீ அதெல்லாம் நேர்ல பார்த்திருக்க மாட்டே. இன்டர்நெட்ல தேடிப் பாரு."

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எங்கள் பிளாக்கில் லிப்ட் ஓடி இன்றோடு பன்னிரண்டு நாள். எட்டு மாடி. மாடிப்படியில் யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள், யாருடைய குழந்தையோ அதைவிட மோசமாக எதையோ செய்துவைத்திருக்கிறது. தாண்டித் தாண்டி இறங்கினேன். கருமம்.

அம்மாவோடு காலையிலேயே சண்டை. குடிக்கிற தண்ணீர் லாரி ஆறு மணிக்கு வரும். ஐந்தரைக்கே குடங்கள் வரிசை கட்டிவிடும். குடத்தை விட்டுவிட்டு வர முடியாதவர்கள் அந்த இடத்தில் ஒரு கல்லைப் போட்டுவிட்டு வருவார்கள். கல் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. எவ்வளவு பெரிய சண்டைக்காரியாக இருந்தாலும் அடுத்தவள் கல்லை நகர்த்த மாட்டாள்.

"முட்டி வலிக்குதுடி. நீ போய்க் கல்லு போட்டுட்டு வந்துடு. நான் மெதுவா எறங்கி வரேன்" என்றாள்.

"என்னால முடியாது. எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க."

"இன்னா வேடிக்க? கல்லு போடறதுல இன்னாடி வேடிக்க?"

கழுத்தில் ஆபீஸ் அட்டையை மாட்டிக்கொண்டு, பல்லில்லாத கிழவிகளுக்கும் நைட்டி போட்ட பெண்களுக்கும் நடுவில் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு அசிங்கமாக இருக்கிறது. அம்மாவே இறங்கினாள். சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள். நான் தலை சீவிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

முரளிதர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பொய்யா இருக்கு. குப்பையைத் தூவிவிட்ட மாதிரி இருக்கு. இப்படி ஒரு இடம் எங்கயும் இருக்காது."

பக்கத்து நாற்காலி நிரஞ்சனா எட்டிப் பார்த்து "உவ்வே" என்றாள். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே, "எப்படித்தான் இதுக்குள்ள இருக்காங்களோ, இல்ல?" என்றாள். ஒரு பருக்கை அவள் மோவாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. இருக்கட்டும் அப்படியே.

மதியம் மனிதவளத்திலிருந்து மின்னஞ்சல். 18ஆம் தேதியோடு என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமாவதற்கு முன் முகவரியைச் சரிபார்க்க ஆள் அனுப்புவார்களாம். நான் கொடுத்திருப்பது வேளச்சேரியில் இருக்கும் காலேஜ் தோழி வீட்டு முகவரி. அவளிடம் பேசிவிட்டேன். ஒரு நாள் போய் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும்.

பொய்தான். போன கம்பெனியில் உண்மையான முகவரியைத்தான் எழுதினேன். மூன்றாவது வாரம் யாருடைய போனோ காணாமல் போனது. பதினான்கு பேர் இருந்த அறையில் என் பையை மட்டும் திறந்து பார்த்தார்கள். போன் அதன் சொந்தக்காரியின் வண்டிப் பெட்டியிலேயே இருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, "தப்பா எடுத்துக்காதே" என்றார்கள். இங்கேயும் எவனும் என் பைக்குள் கைவிடக் கூடாது.

பிப்ரவரி 6, வியாழன்

பொய்யாக இருக்கிறதாம். தூ. சரி, நிஜமாகவே வைக்கிறேன் பார் என்று மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் பாலம். பாலத்தின் இறக்கத்தில் நான்கு சந்து. ஒரு வீட்டு வாசலும் ஆற்றைப் பார்த்து இருக்காது, எல்லாம் சந்தைப் பார்த்துத்தான் இருக்கும். மூன்றாவது சந்து முனையில் அடிபம்பு. அதன் முன்னால் குடங்கள், வளைந்த வரிசையாக. நேராக நின்றால் எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள். பம்புக்கு எதிரே நீலக்கதவு வீடு. அதன் பின்பக்கம் ஆற்றுச் சரிவில் சீமைக்கருவேலம்.

இந்தக் கருவேலத்தைப் பற்றி ஒன்று எழுதிவைக்க வேண்டும், பின்னால் உதவும். பொம்மைப் பட்டியலில் மற்ற மரங்களையெல்லாம் படை வெட்டலாம், கொளுத்தலாம். கருவேலம் மட்டும் அலங்கார மரம். வெட்டவும் முடியாது, எரியவும் எரியாது, நெருக்கி வைத்துவிட்டால் நடுவில் அம்புகூடப் போகாது.

குப்பையை வீடுகளுக்கு நடுவில் வைக்கவில்லை, விளிம்பில் வைத்தேன். ஏனென்றால் அது அங்கே குடியிருப்பவர்களின் குப்பையே இல்லை. ஊரிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவது. ஆஸ்பத்திரி ஊசி, கல்யாண மண்டபத்து இலை, எல்லாம். சந்துக்குள் தினமும் காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்குவார்கள்.

இதெல்லாம் இன்டர்நெட்டில் படித்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

முரளிதர் வாயைப் பிளந்துவிட்டார். "எப்படி ராணி இவ்வளவு இயல்பா வந்தது? அப்படியே ஒரு நிஜ இடம் மாதிரி இருக்கு!"

சந்தோஷப்பட்டேன். அதுதான் கேவலம்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ஆனா இன்னும் அருவருப்பு பத்தல. குப்பையை உள்ள கொண்டு வா. ஒவ்வொரு கூரை மேலயும் ஈ மொய்க்கட்டும். பன்னி எல்லாம் ஓரமா நிக்குது, வாசல்ல படுத்திருக்கணும். இதோ, இந்த நீலக்கதவு பளிச்சுனு கண்ணுல படுது. இதுக்கு முன்னாடி ஒண்ணு பெருசா போடு."

போட்டேன். பன்றியை எடுத்து, திருப்பி, நீலக்கதவின் படியில் தலையை வைத்துப் படுக்கவைத்தேன். அவர் சிரித்தார், நிரஞ்சனா சிரித்தாள், நானும் சிரித்தேன். சேமி என்பதை அழுத்தினேன்.

மதியம் டப்பாவைத் திறந்தேன். அம்மா கொடுத்த கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது குடங்களின் வரிசையில் நாலாவது இடத்தில் ஒரு பாதிச் செங்கல் வைத்தேன். சும்மா.

பிப்ரவரி 10, திங்கள்

லியாகத் பிழைப் பட்டியல் அனுப்பியிருந்தான். அவன் சோதனைப் பிரிவு. நாங்கள் வைப்பதையெல்லாம் விளையாடிப் பார்த்து நொட்டை சொல்வது அவன் வேலை. முப்பத்தொரு பிழை. பதினேழாவது: 'குடங்களுக்கு நடுவில் ஒரு செங்கல்.' அதன் எதிரில் கேள்விக்குறி.

அவனே என் இடத்துக்கு வந்தான். நிரஞ்சனா காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"இந்தக் கல்லு யாருக்கு எடம் புடிச்சிருக்கு?"

"என்ன கல்லு? தெரியாம விழுந்திருக்கும்."

"தெரியாம விழுந்தா மண்ணுல எங்கனா விழும். வரிசையில, நாலாவதா, ரெண்டு குடத்துக்கும் நடுவுல அளவெடுத்து விழாது. எங்க தெருவுல எங்கம்மா ஓட்டுத்துண்டு போடும்."

"எனக்கு நீ சொல்றதே புரியல லியாகத்."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். அப்புறம் என் கண்ணெதிரிலேயே பட்டியலிலிருந்து பதினேழாவதை அழித்தான். "சரி, புரியலன்னா வுட்டுடு" என்று போய்விட்டான்.

பரிதாபப்படுகிறானா? இவன் யார் என்மேல் பரிதாபப்பட? நாளைக்கே கேன்டீனில் நின்று எல்லாரிடமும் சொல்லப்போகிறான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சொல்லவில்லை. லிப்டும் ஓடவில்லை.

பிப்ரவரி 12, புதன்

இன்று ஆட்களை வைத்தேன். முரளிதர் அறுபது பேர் கேட்டார். ஆண் முப்பது, பெண் முப்பது. குழந்தை பொம்மை பட்டியலில் கிடையாது, வெளிநாட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். குழந்தை இல்லாத குடிசைப் பகுதி! எவன் கண்டான் அதை? கொல்வதற்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியில் எண்ணிப் பார்த்தால் கண்ணில் படுவது ஐம்பத்தொன்பது. வரைபடம் செய்யும் எடிட்டர் மென்பொருள் அறுபது என்று காட்டுகிறது. ஒரு பெண் பொம்மை எங்கேயோ கை தவறி விழுந்திருக்கும். தேடினேன், கிடைக்கவில்லை. ரொம்ப ஒன்றும் தேடவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பஸ் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது.

காலையில் அம்மா, "அப்புடி இன்னாதான் வேல பண்ற நீ, காட்டேன்" என்றாள். கைபேசியில் வரைபடத்தின் படம் இருந்தது. காட்டியிருக்கக் கூடாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தாள்.

"ஐயே, இது நம்ப கிளிஞ்சமேடு!" என்றாள். முகமெல்லாம் பல். "அதோ பம்பு. அதோ சரோஜா வூடு. நம்ப கதவு பார்றி, நீலம்! உங்கப்பா அடிச்ச பெயின்ட்டு." அப்புறம் அவள் விரல் நின்றுவிட்டது. "பன்னிய யாரு உள்ள வுட்டது?"

கைபேசியை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"நம்ப சந்துக்குள்ள பன்னி என்னிக்குடி வந்துது? வந்தா நான் வுடுவனா?"

"விளையாட்டும்மா. அப்படித்தான் கேட்டாங்க."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

"மேலருந்து பாத்த மாரி கீது. பாலத்து மேல நின்னு பாத்தா இப்புடித்தான் தெரியும். நீ அன்னிக்கு நின்னியே, அங்கருந்து."

பதினாலு வருஷமாக அவள் இதைப் பேசியதில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். வீடுகளை இடிக்க இயந்திரம் வந்த அன்று நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பாலத்தில் ஒரே கூட்டம். கீழே எல்லாரும் இந்த வாரியக் குடியிருப்புக்கு வரச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் வீட்டுக்குப் பின்னால் கருவேலத்துக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முள் கிழிக்கக் கிழிக்க மூன்று போலீஸ்காரிகள் இழுத்தும் எழவில்லை. என் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி, "சீ, என்ன நாத்தம்! யாருடி அந்தப் பொம்பள?" என்றாள். நான் "தெரியல" என்றேன். சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டேன். எனக்கு நாற்றமே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவளுக்கு என்ன நாற்றம் தெரியும்? ஆனாலும் பொத்திக்கொண்டேன்.

என் கையை நினைத்தாலே குமட்டுகிறது. அதே கைதான் பன்றியையும் வைத்தது.

பிப்ரவரி 17, திங்கள்

மாலை நாலு மணிக்கு வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டினோம். பெரிய திரையில் அவர்கள் முகம் ஒரு மூலையில், மீதி முழுக்க ஏழாம் கட்டம். முரளிதரே விளையாடினார்.

யானைப்படை பாலத்திலிருந்து இறங்கியது. முதல் சந்து, இரண்டாம் சந்து. கூரைகள் பற்றி எரிந்தன. ஒவ்வொரு வீடு விழும்போதும் அவர்கள் சிரித்தார்கள். நீலக்கதவு விழுந்தபோது பன்றி கத்திக்கொண்டு ஓடியது, அதற்குக் கைதட்டல். ஒன்பதே நிமிஷம். எல்லாம் முடிந்தது.

வெற்றி வரவில்லை.

திரையின் மேலே 'எதிரி மீதம்: 1' என்று நின்றது. முரளிதர் படையை இங்கும் அங்கும் ஓட்டினார். யாருமில்லை. காதோரம் வியர்த்துவிட்டது அவருக்கு. லியாகத் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று நாளாக விளையாடிப் பார்த்தவன்.

நிரஞ்சனாதான் கண்டுபிடித்தாள். "சார், ஆத்துச் சரிவுல பாருங்க, ஒரு வெள்ளைப் புள்ளி."

பதினோரு கருவேலம், இடைவெளியே இல்லாமல் வட்டமாக. நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முரளிதர் வில்லாளிகளை அனுப்பினார், தீ வைத்தார், யானையால் முட்டவைத்தார். யானைகள் சுற்றிச் சுற்றி வந்தன. அவள் அசையவில்லை.

மூலையிலிருந்த முகம் ஏதோ கேட்டது. முரளிதர் சட்டென்று சிரித்து, அது வேண்டுமென்றே வைத்தது, தன்னுடைய யோசனை, கடைசியில் ஒரு சவால் என்று ஆங்கிலத்தில் அளந்தார். அவர்கள் ஆகா என்றார்கள். அவளை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார்கள். நாளைக்குள் வழி வைத்துவிடுகிறோம் என்றார்.

அழைப்பு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "தப்பிச்சோம். ராணி, அதுல ஒரே ஒரு மரத்தை எடுத்துடு. அஞ்சு நிமிஷ வேலை."

"முடியாது சார்."

"என்ன?"

"எடுக்க மாட்டேன்னு சொன்னேன். அது எங்கம்மா." திரையைக் காட்டினேன். "இது எங்க எடம் சார். பன்னியப் படுக்க வெச்சீங்களே நீலக்கதவு, அது எங்க வூடு. அங்க பன்னி கெடையாது. எங்கம்மா உள்ள வுட மாட்டாங்க."

நான் ஆபீசில் 'வூடு' என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

நிரஞ்சனா மேஜைமேல் கிடந்த தன் கைபேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தெரிந்து செய்தாளோ, தெரியாமல் செய்தாளோ. முரளிதர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டார்.

"நீ வேளச்சேரின்னு இல்ல சொன்னே?"

இவ்வளவு சொன்னதில் அவருக்குக் கேட்டது அதுதான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மரத்தை எடுக்கச் சொல்லி முரளிதர் லியாகத்திடம் கேட்டிருக்கிறார். "சோதிக்கிறவன் எடிட்டரைத் தொடக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்று அவன் கையை விரித்துவிட்டான்.

நிரஞ்சனா எடுத்தாள். "சாரி ராணி, சார் சொன்னார்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள். ஒரு சொடுக்கு. இடிக்க வேண்டுமென்றால் எப்போதும் ஒரு ஆள் கிடைத்துவிடும், சாரி சொல்லிக்கொண்டே.

மனிதவளத்துக்குப் போய்ப் படிவத்தைத் திரும்ப வாங்கி, வேளச்சேரியை அடித்துவிட்டு, எங்கள் வாரியக் குடியிருப்பு, பிளாக் எண், எட்டாவது மாடி என்று முழுசாக எழுதிக் கொடுத்தேன். லிப்ட் ஓடாது, சரிபார்க்க வருகிறவரை ஏறித்தான் வரச் சொல்லுங்கள் என்றேன். மாலையில் பதில் வந்தது. தவறான முகவரி கொடுத்ததால் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு. பொய் சொன்னதற்குத் தண்டனை, சரி. உண்மை சொன்னதற்கு என்ன என்று போகப் போகத் தெரியும். பை என் மடியில்தான் இருக்கிறது. எவனாவது கேட்கட்டும்.

கிளம்பும்போது லியாகத் கூப்பிட்டான். தன் திரையில் கடைசிச் சோதனையை ஓடவிட்டிருந்தான். படை கருவேலத்துக்குள் நுழைந்து முடித்துவிட்டிருந்தது. 'வெற்றி' என்று தங்க எழுத்தில் மின்னியது. வீடில்லை, பம்பில்லை, குடமில்லை, கரி மட்டும்தான்.

"இங்க பாரு" என்று பெரிதாக்கிக் காட்டினான்.

மூன்றாவது சந்து முனையில் செங்கல் மட்டும் அப்படியே இருந்தது. பொம்மைப் பட்டியலில் அது பாறை வகை. இடிபடாது. அது எதற்கு அங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் யாரும் எடுக்கவும் இல்லை.

"பதினேழாவது பிழை. நான் எழுத மாட்டேன்" என்றான்.

"எங்கம்மாவோடது" என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

காலை ஐந்து நாற்பது. அம்மா இன்னும் எழவில்லை. லாரி வரவில்லை. ஆபீஸ் அட்டையோடுதான் கீழே போனேன், கழற்ற மறந்துவிட்டேன். நைட்டி போட்ட ஒருத்தி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த மாடி?" என்றாள். எட்டு என்றேன்.

கல்லைப் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். ஆறாவது இடம்.